எந்த ஈயம் என்று கடைக்காரர் கேட்டார்

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மொபைல் கடையில் என் போனைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் ஏறவில்லை. கடையில் இருந்தது ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். போனைத் திறந்து, சின்ன டப்பாவிலிருந்து மஞ்சளாக எதையோ ஊசி முனையில் தொட்டு உள்ளே வைத்தாள். அதன் மேல் சூடான இரும்பை வைத்ததும் மெல்லிய புகை எழுந்தது. அது என் மூக்கில் ஏறியவுடன் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அதுல ஆசிட் கீசிட் ஒன்னும் இல்லியேம்மா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "இன்னா தாத்தா, போன்ல யாராவது ஆசிட் வெப்பாங்களா?"

வைப்பார்கள். நான் வைத்தேன். போனில் இல்லை நண்பா, உன் சட்டைப் பையில் இருந்த பெட்டியில்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன், இன்று நான்காவது நாள். உன்னிடம் எதைச் சொல்வதானாலும் கடைசி நாற்பது வருஷமாக எழுதித்தான் காட்டினேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், சிகரெட் அட்டையில், சில சமயம் உன் உள்ளங்கையில் விரலால். ஊர் வம்பு, விலைவாசி, உன்னைப் பற்றிய கிண்டல் எல்லாம் எழுதிக் காட்டியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. நீ போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இப்போதாவது எழுதுகிறேன், திட்டுவதானால் திட்டிக்கொள்.

அறுபத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். நாம் இருவரும் ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ அனந்தபுரம் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் ஆனாய். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். கூண்டு போன்ற அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதுவது வேலை, நடுவில் மேஜைக்கு அடியில் ரேடியோ செய்வது பொழுதுபோக்கு. ஆங்கிலப் பத்திரிகையில் வரும் படத்தைப் பார்த்துக் கம்பிகளை ஈயத்தால் பத்தவைப்பேன். இரண்டு ரேடியோ செய்து, இரண்டிலும் பாட்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு உனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தபோது வலது காது போயிருந்தது. இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாய். உன் வகுப்புப் பிள்ளைகளும் உனக்கு நேரே வந்து, முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அவர்களுக்கு உன்னைப் பிடித்திருந்தது.

ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைப் பெட்டிஷன் போட்டான். இந்த வாத்தியாருக்குக் காது செவிடு, பிள்ளைகள் தப்பாகச் சொன்னாலும் சரி என்கிறார், இவரிடம் படித்தால் உருப்படுமா என்று. ஐப்பசி மாதம் பள்ளிக்கூட டெப்டி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று தலைமை ஆசிரியர் உன்னிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கூண்டுக்கு வந்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மறைக்க வேணாம்டா," என்றாய். "நானே நேராப் போயி ஆபீஸ்ல சொல்லிட்றேன். டாக்டர்கிட்ட சீட்டு வாங்கினு போறேன். காது இவ்ளோதான் கேக்குது, போர்டுல எழுதி நடத்தறேன், ஒரு வருசம் பாருங்கன்னு கேக்கறேன். ஒத்துக்குவாங்க."

நான் உன் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினேன். "உனுக்கு இன்னா பைத்தியமா? நீயே போயி கழுத்தை நீட்டுவியா? நான் இருக்கேன்ல? மிஷின் செஞ்சி தரேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"செய்வியாடா?" என்றாய். உன் யோசனைதான் சரி. என் சத்தம்தான் பெரிது.

காது மிஷின் என்பது அப்போது வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சமாசாரம். பத்திரிகையில் அதற்கும் படம் போட்டிருந்தார்கள். மூன்று டிரான்சிஸ்டர், ஒரு சின்ன மைக், காதில் செருகிக்கொள்ள ஒரு பொத்தான், இரண்டு பேனா டார்ச் பேட்டரிக் கட்டை. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். சாமான் வாங்க எங்கள் கம்பெனி வண்டியில் ஏறி மெட்ராஸ் போனேன். பிராட்வே பக்கம் சந்துக்குள் ஒரு கடை. கேட்டதெல்லாம் கிடைத்தது. கடைசியில், "சால்டர் ஒரு சுருள்" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எந்த ஈயம்? ஆசிட் கோரா, ரோசின் கோரா?"

எனக்குத் தெரியாது. அதுவரை நான் பயன்படுத்தியது திண்டிவனத்தில் ஒருவர் சும்மா கொடுத்த சுருள், அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஈயக் கம்பி குழாய் மாதிரி உள்ளே பொள்ளலாக இருக்கும், அதைத்தான் கோர் என்கிறார்கள், அந்தப் பொள்ளலில் ஈயம் ஒட்டுவதற்கான மருந்தை அடைத்து வைத்திருப்பார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் பின்னால் நாலைந்து காலேஜ் பையன்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது பாஷா பாய் நினைவுக்கு வந்தார். உனக்கும் தெரியும், என் கூண்டுக்கு நேர் எதிரே கடை போட்டிருந்தாரே, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி, ஒழுகும் குடத்தையும் ஸ்டவ்வையும் பத்தவைக்கிறவர். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குச்சியை ஆசிட் சீசாவில் நனைத்து ஓட்டையின் மேல் தடவுவார், சுர்ரென்று புகையும், ஈயம் தண்ணீராக ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஆசிட் இல்லாமல் ஈயம் பிடிக்காது என்பது செஞ்சியில் யாருக்கும் தெரிந்த விஷயம்.

"ஆசிட்," என்றேன்.

"ரேடியோ வேலைக்கா? ரேடியோவுக்குன்னா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"தெரியும், குடுங்க," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சுருளை வெட்டிக் கொடுத்தார். ஒரே ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் முழு வாக்கியத்தையும் சொல்லியிருப்பார். இந்த வயதில் எனக்கு மறதி அதிகம், நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் முழிப்பேன். அந்தக் கடையில் பேசியது மட்டும் ஒரு எழுத்து மறக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. நீ பள்ளி விட்டு வருவாய், என் அறையில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்ப்பாய். பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைக்காத ஜைன வீடு உன்னுடையது, அதனால் வெயில் சுவரிலிருந்து இறங்க ஆரம்பித்ததும் எழுந்து ஓடுவாய். முதல் நாள் நான் இரும்பை வைத்ததுமே மூக்கைச் சுளித்தாய்.

"இன்னாடா இது, ஸ்டவ் ரிப்பேர் கடை வாசனை வருது? முன்ன குங்கிலியம் போட்டா மாதிரி இருக்குமே."

"புதுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்," என்று எழுதிக் காட்டினேன். காது போனவனுக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது, என் பழைய சுருளில் இருந்தது ரோசின், குங்கிலியம் மாதிரி ஒரு பிசின்தான். எனக்கு மூக்கும் இருந்தது, காதும் இருந்தது, பிரயோஜனம் இல்லை. பத்தவைத்த இடங்களெல்லாம் வெள்ளி மாதிரி பளபளத்தன. நான் அதுவரை செய்ததிலேயே அதுதான் அழகு என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் மிஷின் பேசியது. உன்னைச் செட்டிகுளத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்து, ஒயரைத் துண்டுக்கு அடியில் ஓட்டி, பொத்தானை இடது காதில் செருகி, முடியை மேலே இழுத்து மறைத்துக்கொண்டாய். பத்தடி தள்ளிப் போய் உனக்கு முதுகைக் காட்டி நின்றேன். நீயும் எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். சாதாரணக் குரலில், "உன் மூக்கு கோணல்," என்றேன்.

"உன் புத்திதான்டா கோணல்!" என்று கத்தினாய். கத்திவிட்டு உன் குரலைக் கேட்டு நீயே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாய். அப்புறம் குளத்துப் படியில் உட்கார்ந்து அழுதாய். நான் பெரிய விஞ்ஞானி அல்லவா, பேட்டரியை எப்படி மாற்றுவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பத்து நாளுக்கு ஒரு தரம் கட்டை மாற்ற வேண்டும், மறந்துவிடாதே என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு வந்தவன் என் கூண்டுக்குள் தலையை விட்டாய். "டேய், பத்மாவுக்கு ர வரலடா! ராஜகிரி மலைய லாஜகிலின்றா. இத்தினி நாளா எனக்குத் தெரியவே தெரியாது." உன் மகளுக்கு அப்போது மூன்று வயது. வண்டி புறப்படுகிற வரைக்கும் லாஜகிலி, லாஜகிலி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். கண்டக்டர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பதினெட்டு நாள் அப்படிப் போயிற்று. பத்தொன்பதாம் நாள் வந்து, "உள்ள பட்டாணி வறுக்கிறா மாதிரி சத்தம் வருதுடா," என்றாய். மழை பிடித்திருந்தது, காற்றெல்லாம் ஈரம். டப்பாவைத் திறந்தேன். வெள்ளியாக மின்னிய இடங்களைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. பித்தளைச் சாமானில் புளித்த மோரை வைத்தால் வருமே, அந்தப் பச்சை. உன் வியர்வைதான் உள்ளே இறங்கியிருக்கிறது என்று உன் மேலேயே பழியைப் போட்டேன். பச்சையைச் சுரண்டிவிட்டு, அதே ஈயத்தை இன்னும் தாராளமாக வைத்து மறுபடி பத்தவைத்தேன். இரண்டு நாள் நன்றாகப் பேசியது. மூன்றாம் நாள் மறுபடி பட்டாணி. மறுபடி அதே ஈயம்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் மத்தியானம். வண்டி இல்லாத நேரம், டப்பாவை மேஜை மேல் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருந்தேன். பாஷா பாய் தீப்பெட்டி கேட்டு வந்தார். குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார்.

"ஆசிட் ஈயமா தம்பி?"

"ஆமா பாய்."

"கழுவினியா?"

"எதுக்குக் கழுவணும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஆசிட் வெச்சா கழுவணும்பா. பத்த வெச்ச ஒடனே பின்னால எடுத்துனு போயி சோடாத்தண்ணி ஊத்தி, அப்பால மூணு தரம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவேன். இல்லன்னா ஒரு மாசத்துல கொடமே ஓட்டையாயிடும். தின்னுடும். இதை எப்படிக் கழுவுவே? இம்மாந்துண்டு கம்பியா இருக்குது."

கழுவுவது கடைக்குப் பின்னால். என் கூண்டிலிருந்து அது தெரியாது. மூன்று வருஷம் தினமும் அவரைப் பார்த்தேன், பாதி வேலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் போனதும் கடைக்கு ஓடினேன். சோடா உப்பு வாங்கி வந்து, கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி விளக்குச் சூட்டில் காய வைத்தேன். மேலே இருந்தது போயிற்று. ஆனால் மைக்கிலிருந்து வரும் ஒயர் மெல்லிய இழைகளால் ஆனது, ரப்பர் உறைக்குள்ளே அந்த இழைகளுக்கு நடுவே ஆசிட் ஊறிப் போயிருந்தது. அதைக் கழுவ வழியில்லை. எல்லா ஒயரையும் மாற்றி, வேறு ஈயம் வாங்கி வந்து மறுபடி கட்ட ஒரு வாரம் வேண்டும். உனக்கு இருந்தது மறுநாள் காலை பத்தரை மணி வரை.

ஐந்து மணிக்கு நீ வந்தாய். டப்பாவைப் போட்டுப் பார்த்தாய். பேசியது.

"நாளைக்குத் தாங்குமாடா?" என்றாய். உன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "சொல்டா. தாங்காதுன்னா இப்பவே சொல்லிடு. காலைல அவர் வந்தவொடனே வகுப்புக்கு முன்னாலயே உண்மையைச் சொல்லிட்றேன். மறைச்சி மாட்டறதவிட அது மேல்."

சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, நீ சாப்பிடப் போகவேண்டிய நேரம். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் மெட்ராஸ் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் தெரியும் என்று சொல்லிவிட்டேன், பாஷா பாய் சொன்னது இது, நீ உன் வழியில் போ என்று நான்கு வரி எழுதியிருக்கலாம். பென்சில் கையில்தான் இருந்தது. ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தேன். "சரி பண்ணிட்டேன். தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

நீ அதைப் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு, என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் நான் லீவு போட்டு உன்னோடு அனந்தபுரம் வந்தேன். உனக்குத் தைரியம் சொல்ல வந்தேன் என்று நினைத்தாய். வீட்டில் உட்கார முடியவில்லை, அதுதான் நிஜம். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றேன். டெப்டி இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், யாரையும் அதட்டவில்லை. கொஞ்ச நேரம் நீ பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். நீ போர்டில் எழுதத் திரும்பினாய். அப்போது மெல்லிய குரலில் கேட்டார்.

"கடைசி வரிசையில இருக்கற பையன் பேர் என்ன சார்?"

நீ எழுதிக்கொண்டே, "முருகேசனுங்க ஐயா," என்றாய். எனக்கு மூச்சு வந்தது.

அவர் ஒரு பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து, "பதினேழும் எட்டும் இருபத்தாறு சார்," என்றாள்.

"இருபத்தஞ்சுமா. விரலை விட்டு எண்ணு," என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் லேசாகச் சிரித்தார். நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

உன் கை சட்டைப் பைக்குப் போனது. டப்பாவை ஒரு தரம் அழுத்தினாய். மறுபடி அழுத்தினாய்.

"வருகைப் பதிவேடு எங்க சார்?" என்றார் அவர். நீ போர்டில் எழுதிக்கொண்டிருந்தாய். சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்டது. "சார், வருகைப் பதிவேடு," என்று இன்னும் சத்தமாகக் கேட்டார். நீ ஒரு வரி முடித்து அடுத்த வரி ஆரம்பித்தாய். வகுப்பு முழுக்க உன் முதுகையே பார்த்தது. நீ ஓரக்கண்ணால் பிள்ளைகளைப் பார்த்தபோது, முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் விரலைத் தூக்கிப் பின்பக்கம் காட்டினாள். உன்னைக் காப்பாற்றத்தான் காட்டினாள். நீ சட்டென்று திரும்பினாய். ஆனால் அந்த விரலை அவரும் பார்த்துவிட்டார்.

நீ பொய் சொல்லவில்லை. பொத்தானைக் காதிலிருந்து எடுத்து, டப்பாவை வெளியே எடுத்து, மேஜை மேல் வைத்தாய்.

"ஐயா, எனக்குக் காது கேக்காது. இது காது மிஷின். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோச்சு. நேத்தே மாத்தியிருக்கணும், மறந்துட்டேன், தப்பு என்னுதுதான். நீங்க கேக்கறத போர்டுல எழுதுங்க ஐயா, பதில் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. முன்னால் வந்தார், உன்னிடமிருந்து சாக்பீஸை வாங்கினார். போர்டில் ஒரே ஒரு வரி எழுதினார். "மறைத்தது ஏன்?"

நீ அதைப் படித்தாய். பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். மறைக்க நினைத்தவன் நீ இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்திருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது.

காது மந்தம் என்று மட்டும் இருந்திருந்தால் யோசித்திருப்பேன், இத்தனை நாள் மறைத்துவைத்ததுதான் மனசுக்கு ஒப்பவில்லை என்று அவர் தலைமை ஆசிரியரிடம் சொன்னாராம். பொங்கலுக்கு முன் உத்தரவு வந்துவிட்டது. உன்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை, ஆபீசில் கடிதங்களைப் பார்த்து எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான் என்று ஊரில் எல்லாரும் உனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ அதற்குப் பிறகு ஒரு வகுப்புக்குள் கால் வைக்கவில்லை. அனந்தபுரம் பஸ் என் கூண்டைத் தாண்டும்போது நீ ஏறாத அந்த வண்டியின் நேரத்தை எழுத எனக்குக் கை வராது. ஒரு நாள் ஐந்து நிமிஷம் தப்பாக எழுதி ஏச்சு வாங்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எளிது.

இன்ஸ்பெக்ஷன் அன்று சாயங்காலம் டப்பாவை நான் வாங்கிக்கொண்டு வந்தேன், பார்க்கிறேன் என்று. திறந்து பார்த்தேன். மைக் ஒயர் பத்தவைத்த இடத்துக்கு அருகே உறைக்குள்ளேயே இற்றுப்போய் அறுந்திருந்தது. தொட்டதும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. மறுநாள் காலையில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ராத்திரி கொஞ்சம் தூங்கவும் செய்தேன். காலையில் நான் கூண்டைத் திறப்பதற்கு முன்பே நீ வந்து நின்றுகொண்டிருந்தாய். கண் வீங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய்.

"மன்னிச்சிக்கடா. நீ எம்மா கஷ்டப்பட்டு செஞ்சி குடுத்தே. நான் ஒரு கட்டைய மாத்தாம எல்லாத்தயும் கெடுத்துட்டேன். பத்து நாளுக்கு ஒரு தரம்னு நீ படிச்சிப் படிச்சி சொன்னே. உன் பேரையும் கெடுத்துட்டேன்டா."

நீ பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் டிக்கெட்டை எடுத்தேன், பென்சிலை எடுத்தேன். என்ன எழுதினேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

"பரவாயில்லை" என்று எழுதினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன். நான், உன்னை. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியும் என்றால் எனக்கு யாராவது சொல்லட்டும்.

மாசியில் ரோசின் ஈயம் வாங்கி வேறு மிஷின் செய்தேன். அதற்குள் இடது காதும் அடைத்துப்போயிருந்தது, எவ்வளவு திருகினாலும் உனக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் எழுத உட்கார்ந்தேன். பத்மா கல்யாணம் ஆகட்டும் என்றேன், நீ ரிட்டையர் ஆகட்டும் என்றேன். ஒரு தடவை உன் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்விட்டே சொன்னேன், முழுவதையும், கடை, ஈயம், பாஷா பாய் எல்லாம். நீ காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். கோழை சொல்லும் விதம் அது.

நீ போன பத்தாம் நாள் பத்மா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "நைனா கடைசி வரிக்கும் அதையே சொல்லினு இருந்தாரு மாமா," என்றாள். "அன்னிக்கி அந்தக் கட்டைய மாத்தியிருந்தா நான் வாத்தியாராவே இருந்திருப்பேன், என் மறதியே என்னைக் கெடுத்துடுச்சின்னு." அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நீ சுமந்தது என் தப்பு. இப்போது அது என்னிடம் வந்துவிட்டது, நீ கேட்ட மன்னிப்போடு சேர்த்து. நாளைக் காலை இந்தக் காகிதத்தைப் பத்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அவள் என்னை வீட்டை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும்.

இன்ஸ்பெக்ஷன் அன்று சாயங்காலம் டப்பாவிலிருந்து அந்த இரண்டு கட்டையையும் எடுத்து என் சின்ன டார்ச்சில் போட்டு அழுத்தினேன். எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சம் அடித்தது. கட்டையின் அடியில் நீ ஒட்டிய காகிதத்தில் உன் கையெழுத்தில் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் தேதி இருந்தது. நீ கட்டையை மாற்றித்தான் இருந்தாய். பதற்றத்தில் மாற்றியதைத்தான் மறந்திருக்கிறாய்.